கழற்றக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை

1

போன வாரம் என் கடைக்கு ஒரு ஆள் வந்தான். வெள்ளைக் கால்சட்டை, கோட்டு, தலையில் துரைமார் போடுகிற தக்கைத் தொப்பி. உள்ளே கால் வைத்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

எனக்கு அது பிடிக்காது. பினாங்கில் தொப்பிக் கடை வைத்து இத்தனை வருஷம் ஆகியும், என் எதிரில் யாராவது தொப்பியைக் கழற்றினால் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டேன்.

"இன்னா பாய், மலாய்லாம் பேசிக்கினு கீறே? அடையாளம் தெரியலியா?"

இந்தத் தீவில் அப்படிப் பேசுகிறவன் கிடையாது. திருவல்லிக்கேணியில்தான் உண்டு. கையிலிருந்த வெல்வெட்டுத் துணியைக் கீழே வைத்தேன்.

"அன்வரா?"

"அன்வரேதான்."

நான் கடைசியாகப் பார்த்தபோது காலேஜ் பையன். இப்போது காதோரம் நரை.

"இங்கே எங்கே வந்தாய்?"

"அக்கரையில ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம். வாத்தியார் வேலை. வந்து மூணு மாசம் ஆவுது."

"என்ன சொல்லிக் கொடுக்கிறாய்?"

என்னையே பார்த்தான். அப்புறம் சிரித்தான்.

"தமிழ்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. நாலாம் வகுப்போடு சரி. ஆனால் அன்றையிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

2

அப்போது என் கடை திருவல்லிக்கேணியில், பெரிய மசூதிக்குப் போகிற வழியில். கடை என்றால் நாலு பேர் நின்றால் ஐந்தாமவன் தெருவில் நிற்கவேண்டும். துருக்கித் தொப்பிக்கு அச்சு வைத்துக் கொடுப்பது தொழில். சிவப்புத் தொப்பி, மேலே கறுப்புக் குஞ்சம். மழை பட்டால், வேர்வை பட்டால் சுருங்கிவிடும். அதை ஈரத்துணியால் துடைத்து, பித்தளை அச்சில் மாட்டி, மேலே சூடான மூடியை இறக்கி அழுத்தினால் புதுசு மாதிரி நிற்கும். தலைக்குத் தலை அச்சு வேறே. சின்னத் தொப்பியைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். பெரியதைச் சின்னதாக்க முடியாது.

வாடிக்கைக்காரரில் பாதிப் பேர் உருது பேசுகிறவர்கள். எங்கள் வீட்டில் தமிழ்தான். கடை நடத்துகிற அளவுக்கு உருது கற்றுக்கொண்டேன். தொப்பி இறுக்கமா, தளர்வா, எப்போது வேண்டும், நாளைக்கு வா. அதற்குமேல் கிடையாது.

அன்வர் வீட்டில் உருது. அவன் அப்பா ராயப்பேட்டையில் அத்தர் விற்றவர். அவர் மௌத்தான பிறகு, அன்வர் ஒருவன் படித்து உத்தியோகத்துக்குப் போனால்தான் வீடு நிமிரும் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு காலேஜில் அவனுக்குப் படிப்புச் சம்பளம் தள்ளுபடி செய்திருந்தார்கள். அங்கே உருது எடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னால் அவன் தொப்பி என் அச்சில் ஏறும். கூட ஞானப்பிரகாசம் என்று ஒரு பையன் வருவான். சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவப் பையன். அதே காலேஜில் தமிழ் எடுத்தவன். தொப்பி சூடேறுகிற வரைக்கும் இரண்டு பேரும் வாசலில் நின்று சண்டை போடுவார்கள்.

"உன் தொப்பிய இவரு இஸ்திரி போடுறாரு. உள்ள இருக்கிற மண்டைய யாரு போடுறது?" என்பான் ஞானம்.

"நீ வேணா உன் மண்டைய அச்சுல வெச்சுப் பாரு. பித்தளை நெளிஞ்சிரும்" என்பான் இவன்.

துருக்கி தேசத்திலேயே துருக்கித் தொப்பியை எடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்த பிறகான காலம். எனக்கு வேலை குறைந்துகொண்டு வந்தது. ஆனாலும் அந்த இரண்டு பேர் வந்தால் கடை நிறைந்த மாதிரி இருக்கும்.

3

ஒரு நாள் இரண்டு பேரும் சண்டை போடாமல் வந்தார்கள்.

"இன்னாடா, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"வர்ற வருஷத்துலேர்ந்து காலேஜுல தமிழும் கிடையாது, உருதுவும் கிடையாதாம், பாய்" என்றான் ஞானம். "சம்ஸ்கிருதத்துக்கு ஆள் நிறைய இருக்கு, அது இருக்கும். எங்க ரெண்டுத்துக்கும் ஆள் கம்மியாம். வாத்தியாருக்குச் சம்பளம் தண்டமாம்."

"அப்போ படிச்சிக்கினு இருக்கிறவன்?"

"வேறே பாஷை எடு. இல்லாட்டி வேறே காலேஜுக்குப் போ. அப்டிதான் சொல்றாங்க" என்றான் அன்வர். "வேறே எவன் எனக்குத் தள்ளுபடி குடுப்பான்?"

தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். குஞ்சம் முன்பக்கம் தொங்கியது. ஞானம்தான் திருப்பிவிட்டான்.

அப்புறம் அந்தப் பையன்கள் சும்மா இருக்கவில்லை. மனு எழுதினார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுதி விடுதியாகப் போனார்கள். கடற்கரையில் கூட்டம் போட்டார்கள். நானும் போய் நின்றேன். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை. கடைசியில் காலேஜ் பிரின்சிபால் துரை இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் அவரே வகுப்புக்கு வருவார். முதலில் தமிழ், அடுத்து உருது. அடுத்த வருஷம் படிக்க ஆசைப்படுகிற சின்ன வகுப்புப் பையன்களும் வந்து உட்காரலாம். பெஞ்சு நிறைந்திருந்தால் யோசிப்பார். இல்லாவிட்டால் இனிமேல் பேச்சில்லை.

இரண்டு வகுப்பும் நிறைகிற வழியாக இல்லை. அதனால் ஒன்று செய்தார்கள். தமிழ் வகுப்புக்கு உருதுப் பையன்கள் வந்து உட்காருவது. உருது வகுப்புக்குத் தமிழ்ப் பையன்கள் வந்து உட்காருவது.

தமிழுக்குக் கஷ்டமில்லை. தொப்பி போட்டவன் தமிழ் படிக்கக் கூடாதா என்ன? நானே இருக்கிறேன். ஆனால் உருது வகுப்பில் நாமம் போட்டவனும் கடுக்கன் போட்டவனும் உட்கார்ந்தால் துரை நம்பவேண்டுமே. அதனால் தொப்பி வேண்டும். அன்வர் மாமன் வீடு, சித்தப்பன் வீடு எல்லாம் சுற்றி ஒரு சாக்கு நிறையப் பழைய தொப்பி கொண்டுவந்து என் கடையில் கொட்டினான்.

"தலை எல்லாம் சாயந்திரம் வரும், பாய். நீ அளந்து அச்சு வெச்சிடு. ஜும்மாவுக்கு முந்தி சொந்தக்காரனுக்குப் போயாவணும்."

தலைகள் வந்தன. தெரு வரைக்கும் நின்றன. மயிலாப்பூரிலிருந்து மணி என்று ஒரு ஐயர் வீட்டுப் பையன் வந்தான். தலையில் நல்ல கனமான குடுமி.

"இது எப்படிடா உள்ள போவும்?" என்றான் அன்வர்.

"துருக்கித் தொப்பி உயரம். ரெண்டு குடுமி வைக்கலாம்" என்றேன். உச்சியில் சுருட்டி வைத்து மாட்டிவிட்டேன். சரியாக நின்றது.

மணி என் கைக்கண்ணாடியில் பார்த்தான். "ஆத்துல அப்பா பாத்தார்னா தொப்பியை எடுக்க மாட்டார், தலையை எடுத்துடுவார்" என்றான். "ஏற்கெனவே நான் சம்ஸ்கிருதம் படிச்சிண்டிருக்கேன்னு நெனச்சிண்டிருக்கார்."

"தமிழ் எடுத்தது தெரியாதா?"

"தெரிஞ்சா இங்க நின்னுண்டிருப்பேனா?"

அன்வர் எல்லாருக்கும் பாடம் நடத்தினான். நெற்றியைத் துடைத்துவிட்டு வா. கடுக்கனைக் கழற்றிவிட்டு வா. புஸ்தகத்தை வலது பக்கத்திலிருந்து திற. உருது வாத்தியார் முன்ஷி சாகிப் உள்ளே வந்தால் சலாம் சொல்லு. "இன்னா பண்றதுன்னு தெரியலைன்னா முன் பெஞ்சைப் பாத்துப் பண்ணு. நான் கடைசி பெஞ்சுல கீறேன், தப்பு பண்ணவனைக் கிள்ளுவேன்."

முன் பெஞ்சு ஞானத்துக்கு. அவனுக்குத்தான் துரையைக் கண்டால் பயம் கிடையாது.

4

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். கடைக்கு லைசென்சு புதுப்பிக்கப் போகவேண்டியிருந்தது.

முதன்முதலில் அந்த ஆபீசுக்குப் போனபோது குமாஸ்தா ஒரு சீனாக்காரர். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். அப்பா பெயர் கேட்டார். எனக்குப் புரியவில்லை. பின்னால் நின்றவன் "பாய், அப்பா பேர் கேட்கிறார்" என்றான். குமாஸ்தா "பாய்" என்று எழுதிவிட்டார். அன்றையிலிருந்து சர்க்காரில் என் தகப்பனார் பெயர் பாய். மாற்றச் சொல்லி மூன்று ஜன்னலில் போய் நின்றேன். மாற்றவேண்டுமானால் தகப்பனார் வந்து சொல்லவேண்டுமாம். அவர் திருவல்லிக்கேணிக் கபர்ஸ்தானில் இருக்கிறார். விட்டுவிட்டேன்.

இங்கே துருக்கித் தொப்பி குறைவு. சொங்கோக் என்று கறுப்பு வெல்வெட்டுத் தொப்பி, மலாய்க்காரர்கள் போடுவது. அதைத் தைக்கிறேன். காலையில் துணி வெட்டுவது, மத்தியானம் உள்ளே காகித அட்டை வைப்பது, சாயந்திரம் தையல். பெண்சாதி இந்த ஊரில் பிறந்தவள். வீட்டில் அவள் பேச்சு மலாய். மகன் ஹமீது இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகிறான். அங்கே இங்கிலீஷ், வீட்டில் மலாய். என்னிடம் பேசவேண்டுமென்றால் "அத்தா" என்று தமிழில் ஆரம்பிப்பான், மிச்சம் மலாயில் போகும். நான் தமிழில் பதில் சொல்வேன். ஒருவனுக்கொருவன் புரியும். அதனால் இதைப்பற்றி யோசித்ததில்லை.

அன்வர் வருகிற வரைக்கும் யோசித்ததில்லை.

5

வெள்ளிக்கிழமை காலையில் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனேன். நான் போகாவிட்டால் அவர்கள் தலைக்குத் தலை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். வராந்தாவில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். பியூன் கேட்டதற்கு, தொப்பி கொண்டுவந்தவன் என்றேன். அது நிஜம்தான்.

முதலில் தமிழ் வகுப்பு. தமிழ்ப் பையன்களோடு அன்வரும் மற்ற உருதுப் பையன்களும் தொப்பியோடு பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். துரை வந்தார். எழுந்தார்கள். அன்வரிடம் துரை இங்கிலீஷில் ஏதோ கேட்டார், அவன் பதில் சொன்னான். துரை தலையை ஆட்டிக்கொண்டு போனார். நன்றாக முடிந்தது.

அடுத்தது உருது. ஒவ்வொருத்தன் தலையிலும் நானே தொப்பியை மாட்டி உள்ளே அனுப்பினேன். முன்ஷி சாகிப் வயசானவர். வகுப்பில் இருக்கிற முகங்களைப் பார்த்தார். யாரென்று அவருக்குத் தெரியாமலா? ஒன்றும் கேட்கவில்லை. பாடத்தை ஆரம்பித்தார். மணி புஸ்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அவர் நடந்துபோகிற போக்கில் அதைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

துரை வாசலில் வந்து நின்றார்.

எல்லாரும் எழுந்தார்கள். முன் பெஞ்சில் ஞானமும் எழுந்தான். எழுந்த கையோடு தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

அவன் யோசித்துச் செய்யவில்லை. பக்கத்திலிருந்த அவன் கோயில் பையன்கள் இரண்டு பேரும் அப்படியே கழற்றினார்கள். மாதா கோயிலில் ஆண்பிள்ளை தலையில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது. சாமியார் எதிரில் வந்தாலும் தலையில் இருப்பதை எடுக்கவேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவர்கள் பழக்கம் அது. நாங்கள் அப்படியே நேர்மாறு. பெரியவர் எதிரில் தலையை மூடுவோம்.

மற்றவர்கள் முன் பெஞ்சைப் பார்த்தார்கள். அப்படித்தானே சொல்லியிருந்தது. மடமடவென்று எல்லாத் தொப்பியும் கழன்றது. மணி தொப்பியைத் தவறவிட்டான். குடுமி அவிழ்ந்து தோளில் விழுந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு குடுமி.

அன்வர் கடைசி பெஞ்சில் நின்றான். யாரைக் கிள்ளுவான்?

துரை சிரித்திருந்தால் தப்பித்திருப்போம். சிரிக்கவில்லை. தலையில் தொப்பி இருக்கிறவர்களை மட்டும் விரல் நீட்டி எண்ணினார். அது சீக்கிரம் முடிந்துவிட்டது. திரும்பிப் போய்விட்டார்.

முன்ஷி சாகிப் எழுந்து வந்தார். கீழே கிடந்த தொப்பியை எடுத்துத் தூசி தட்டி மணியின் தலையில் வைத்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடத்தைச் சொன்னார்.

நான் தொப்பிகளை வாங்கிச் சாக்கில் போட்டேன். ஜும்மாவுக்கு முன்னால் அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டேன். ஒன்றும் நசுங்கவில்லை.

6

தமிழ் இருக்கும், உருது இனி இல்லை என்று நோட்டீசு ஒட்டினார்கள்.

அன்று சாயந்திரம் ஞானம் கடைக்கு ஓடிவந்தான். அன்வர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்குத் துரைகிட்டப் போறேன்" என்றான் ஞானம். "அன்னிக்கு எங்க கிளாஸ்ல நீங்க உக்காந்ததும் பொய்தான்னு சொல்றேன். உங்க தலைய எண்ணி எங்க கிளாஸை விட்டு வெச்சிருக்காரு. அது எப்படிடா நியாயம்?"

"சொல்லு. சொன்னா ரெண்டும் போவும்."

"போகட்டும்."

"போவட்டும்னா? உனக்குப் பின்னால படிக்கிறவன் இன்னா பண்ணுவான்? சும்மா இரு நைனா. ஒண்ணாவது நிக்கட்டும்."

ஞானம் அழுதான். அன்வர் என் விசிறியை எடுத்து அடுப்புக் கரியை விசிறிக்கொண்டிருந்தான். அடுப்பில் அப்போது வேலை எதுவும் இல்லை.

ஞானம் துரையிடம் போகவில்லை. ஆனால் தமிழ் வகுப்புக்கும் போகவில்லை. அந்த வகுப்பில் ஒருத்தரும் போகவில்லை. உருது இல்லாவிட்டால் எங்களுக்கும் வேண்டாம் என்று வராந்தாவில் நின்றார்கள். சம்ஸ்கிருதப் பையன்கள் கொஞ்சம் பேர் வந்து கூட நின்றார்கள். காலேஜிலிருந்து அப்பாமார்களுக்குக் கடிதம் போயிற்று. மணியின் அப்பாவுக்கு அன்றைக்குத்தான் மகன் என்ன படிக்கிறான் என்று தெரிந்தது. கையோடு அழைத்துப்போய் சம்ஸ்கிருத வகுப்பில் உட்காரவைத்துவிட்டார்.

நாள் ஆக ஆக, பெயரை வெட்டிவிடுவோம் என்றார்கள். பயந்தவனும் உண்டு. ஆனாலும் உள்ளே போகவில்லை. முதலில் உள்ளே போனவன் அன்வர்.

ஆபீசில் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்: அன்றைக்குத் தமிழ் படிக்க ஆசை என்று துரையிடம் சொன்னாயே, அதையே எடு, தள்ளுபடி இருக்கும். அவன் வராந்தாவில் நின்றவர்களைத் தாண்டிப் போய்த் தமிழ் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்தான். "உள்ள வாங்கடா. எனக்கு இதுல ஒரு எழுத்து தெரியாது. யார்னா பக்கத்துல உக்காருங்க" என்றானாம். ஞானம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். மற்றவர்களும் போனார்கள்.

முன்ஷி சாகிப் அதற்கப்புறம் என் கடைப் பக்கம் வரவில்லை. அவர் தொப்பி ஒன்று என்னிடம் இருந்தது. வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

தொழில் இன்னும் படுத்தது. மறு வருஷம் நான் கப்பல் ஏறினேன். அச்சுகளை மட்டும் கொண்டுவந்தேன்.

7

"பி.ஏ. முடிச்சேன், பாய்" என்றான் அன்வர். கடையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். "தமிழ்லதான் மார்க்கு ஜாஸ்தி. சிரிக்காதே. ஊர்ல வேலை கிடைக்கலை. இங்க ஆள் எடுக்கிறாங்கன்னாங்க. வந்துட்டேன். பெண்டாட்டி புள்ளைங்க ராயப்பேட்டையிலதான் கீறாங்க."

"ஞானம்?"

"மாம்பலத்துல வீடு கட்டிட்டான். ஏரியைத் தூத்து மனை போட்டாங்களே, அங்க. மழை பேஞ்சா ஏரி திரும்பி வருதாம், கூடத்துக்கே. இன்னும் என்னைப் பாத்தா தலைய தொங்கப் போடுறான். போடா, எனக்கு சோறு போடுறதே உன் பாஷைதான்னு சொல்லுவேன்."

நான் தைத்துக்கொண்டே கேட்டேன். இத்தனை வருஷம் கேட்க ஆள் இல்லாத கேள்வி.

"நெத்தியைத் துடைக்கச் சொன்னாய். கடுக்கனைக் கழட்டச் சொன்னாய். தொப்பியைக் கழட்டாதேன்னு ஏன் சொல்லலை?"

"தோணலை, பாய். அதை ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் சொல்லணுமா? மூச்சு விடுன்னு சொல்றா மாதிரி இல்ல?" என்னை விரலால் காட்டி, "நீயும்தான் தலைக்குத் தலை மாட்டிவிட்டே. நீ சொன்னியா?" என்றான்.

"எனக்கும் தோணலை."

அப்போது ஹமீது பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். பையை மூலையில் எறிந்தான். அன்வர் வாத்தியார் குரலில், "தம்பி, உன் பெயர் என்ன? எந்த வகுப்புப் படிக்கிறாய்?" என்று கேட்டான். பையன் என்னைப் பார்த்தான். மலாயில் பதில் சொன்னான். பந்து விளையாடப் போவதாக அதையும் மலாயில் சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

அன்வர் அவன் போன பக்கமே பார்த்தான்.

"தமிழ் சொல்லித் தர்லியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சற்று முன்னால் சொன்ன அதே "தோணலை"தான் வாய்க்கு வந்தது. அடுத்த தையலைப் போட்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

துறைமுகத்தில் படகு ஊதியது. அக்கரைக்குப் போகிற படகு. அன்வர் எழுந்தான். தக்கைத் தொப்பியைக் கையில் எடுத்தான். போகவில்லை.

"மூணு மாசமா ஒரு வார்த்தை உருது பேசலை, பாய். தோட்டத்துல யாருக்கும் தெரியாது. ராத்திரி தனியா வாயை அசைச்சிப் பாக்கிறேன், வாத்தியார் பைத்தியம்னு சொல்லுவாங்கன்னு பயமா கீது. நீ கொஞ்சம் பேசேன்."

"எனக்குத் தெரிந்தது கடை உருது. உனக்குத் தெரியாதா?"

"அதைப் பேசு."

வேறு என்ன செய்ய? முக்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தான். அளவு நாடாவை எடுத்து அவன் தலையைச் சுற்றிப் பிடித்தேன். தலை கொஞ்சம் பெருத்திருந்தது. அலமாரியில் ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்புத் தொப்பி ஒன்று இருந்தது. எடுத்து மாட்டினேன். இறுக்கமா, தளர்வா என்று உருதுவில் கேட்டேன். இறுக்கம் என்றான் உருதுவில். எந்த இடத்தில் என்றேன். காது பக்கம் என்றான். அச்சு வைத்தால் சரியாகும் என்றேன். குஞ்சம் பழசு என்றான், புதுசு போடச் சொன்னான். எனக்கு வார்த்தை தீர்ந்துகொண்டு வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படகு இரண்டாம் தரம் ஊதியது.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. எப்போது வேண்டும் என்று எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.

"கப் ஹோனா?" என்றேன்.

"ஜல்தி நை, பாய்" என்றான். அவசரமில்லையாம். "ஜல்தி நை."